இருநூறு நாள் கோடும் சுங்கை பெசார் நோட்டும்

‘புதன். போனஸ் திருத்தம் முடிந்தது. விரல் வலி. மழை இல்லை.’

தீபாவளிக்கு முந்திய புதன்கிழமைக்கு என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். எது நடந்தாலும் அன்றைக்கே எழுதிவிடுவேன். மழை பெய்ததா என்பதைக்கூட விடமாட்டேன். இந்த வரியில் பொய் இல்லை, ஆனால் ஒரு விவரம் குறைகிறது. அந்தக் குறையால் பார்வதியம்மா என்ற தோட்டத் தொழிலாளிக்கு ஒரு வீடு கைநழுவியது.

இப்போது இதை எழுதக் காரணம் ஷாமினி. மலேசியாவில் நான் வேலை பார்த்த பங்குத் தரகு நிறுவனத்தின் கோல சிலாங்கூர் கிளையில் எனக்குப் பின் வந்தவள். கிளையை மூடுகிறார்கள், எல்லாம் கைத்தொலைபேசிக்குப் போய்விட்டது என்று செய்தி அனுப்பியவள், கூடவே இப்படிக் கேட்டிருந்தாள்: “அங்கிள், இப்ப ஃபோன்ல தட்டுனா ரெண்டு செகண்ட்ல மூவிங் ஆவரேஜ் கோடு வந்துருது. நீங்க எப்படிக் கையால போட்டீங்க? பேங்க் ஷேர் மலிவா, விலை ஏறிக் கெடக்கான்னு அத வச்சி எப்படிப் பாத்தீங்க? எழுதிக் குடுங்கலா, நாங்க படிக்கிறோம்.”

எப்படிப் பார்த்தேன் என்பதை எழுதலாம். எப்படித் தவறினேன் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது முழுதாகும்.

நான் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளி முடித்ததும் கிள்ளானில் ஒரு தரகு அலுவலகத்தின் பின்கட்டில் பங்குச் சான்றிதழ் எண்ணும் வேலை கிடைத்தது. எண்ணினேன், பரீட்சை எழுதினேன், தோற்றேன், மறுபடி எழுதினேன். கோல சிலாங்கூரில் கிளை திறந்தபோது வாடிக்கையாளர்களுக்குப் பங்கு வாங்கி விற்கும் உரிமத்தோடு வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரே நாற்காலி என்று சொல்லலாம். சரியாகச் சொன்னால் இரண்டு நாற்காலிகள். திங்கள் முதல் புதன் வரை கோல சிலாங்கூர். வியாழன், வெள்ளி சுங்கை பெசாரில் இருந்த சின்னத் துணை அலுவலகம். அது ஒரு கடைவீட்டின் முதல் மாடி. அதற்கு மேல்மாடியில் சூப்புக்கு விற்கும் கூட்டுக்காகப் பறவை வளர்த்தார்கள். பறவைகளை அழைக்கும் ஒலிநாடாக் கீச்சொலி நாள் முழுக்கத் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டே இருக்கும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி வேறு.

இரண்டு இடத்துக்கும் தனித்தனி நோட்டு வைத்திருந்தேன். நீளவாக்கில் கோடு போட்ட, கெட்டி அட்டை நோட்டு. ஒரு வங்கிப் பங்குக்கு ஒரு பகுதி. சந்தை மூடியதும் அன்றைய முடிவு விலையை எழுதுவேன். முதலில் இருநூறு சந்தை நாள் விலையைக் கூட்டி இருநூறால் வகுத்தால் ஒரு சராசரி வரும். மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி கூட்ட வேண்டியதில்லை. கூட்டுத்தொகையிலிருந்து மிகப் பழைய நாளின் விலையைக் கழித்து, புதிய நாளின் விலையைச் சேர்த்து, மறுபடி இருநூறால் வகுத்தால் போதும். பழையது ஒன்று வெளியே போகும், புதியது ஒன்று உள்ளே வரும். இப்படி நாளுக்கொரு புள்ளியாக வரைபடத் தாளில் வைத்து இணைத்தால் நீண்டகாலச் சராசரிக் கோடு. ஒரு நாள் செய்தியில் விலை குதிக்கும், விழும். கோடு அவசரப்படாது.

வங்கிப் பங்குக்கு இது பொருந்தும் என்பது என் எண்ணம். வங்கியின் கடனும் வைப்புத்தொகையும் ஒரே வாரத்தில் தலைகீழாக மாறிவிடுவதில்லை. ஆகவே விலை கோட்டுக்கு மிகக் கீழே போனால் மலிவு, மிக மேலே போனால் விலை கூடிக் கிடக்கிறது, எப்படியும் ஒருநாள் கோட்டுக்குத் திரும்பும் என்று நம்பினேன். பல வருடம் அது நடக்கவும் செய்தது. நடந்தவற்றை எழுதி வைத்தேன். நடக்காதவற்றையும் எழுதித்தான் வைத்தேன், ஆனால் அந்தப் பக்கங்களை அடிக்கடி புரட்டவில்லை.

இந்த நம்பிக்கையை ஏற்காதவர் ஒருவர் இருந்தார். கிளை நிர்வாகி திருமதி யோகராணி. என்னைவிட ஐந்து வயது இளையவர். அவருடைய அப்பா தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். எந்தக் கேள்வி கேட்டாலும் உடனே பதில் சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றி, இரண்டு காலையும் மடக்கி, மேசைமேல் வில்லை கீழே படாமல் வைப்பார். பிறகு மூன்று கேள்வி: “என்ன தேதி? எத்தினை நாள் கணக்கு? ஆர் எழுதினது?” மூன்றுக்கும் பதில் வந்தால்தான் நான்காவது பேச்சு. வெள்ளிக்கிழமைதோறும் நான் இரண்டு நோட்டையும் அவர் மேசைக்கு அனுப்ப வேண்டும். கடைசிப் பத்துக் கூட்டல்களைத் தானே போட்டுப் பார்த்து, பச்சை மையில் கையெழுத்திடுவார்.

ஒருமுறை என் கோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மிஸ்டர் குணா, இந்தக் கோடுதான் விலைக்குப் பின்னால வருது. விலை கோட்டைத் தேடி வாறேல்லை. நீர் ஆக்களுக்குக் காட்டும். ஆனா வில்லுங்கோ, வாங்குங்கோ எண்டு வாயால சொல்லாதேயும்.”

“காட்டுறதும் சொல்றதும் ஒண்ணுதானே மேடம்?”

“ஓம். அதுதான் எனக்கும் பயம்.”

சுங்கை பெசார் வாடிக்கையாளர்களுக்கு நோட்டு என்றால் ஒரு மரியாதை. திரையில் வரும் எண் யாருடையது என்று தெரியாது, நோட்டில் இருப்பது குணா எழுதியது. வடிகால் இலாகாவில் ஓய்வு பெற்ற ராமையா அண்ணன் வாரம் தவறாமல் வந்து உட்காருவார். பங்கு வாங்கியது வாழ்நாளில் இரண்டு முறை.

“குணா, ஒன் கோடு இன்னிக்கி என்ன சொல்லுது?”

“நேத்து சொன்னதத்தான் சொல்லுதுண்ணே.”

“அதுக்கு ராகு காலம், எமகண்டம் ஏதும் இருக்காய்யா? பாத்துச் சொல்லு, எம் பேத்திக்கு மாப்ள பாக்கணும்.”

எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் நோட்டை மூடி வைக்கும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை.

இனி அந்தப் போனஸ். ஒரு வங்கி தன் பங்குதாரர்களுக்கு ஐந்து பங்குக்கு ஒரு பங்கு இலவசமாகக் கொடுத்தது. ஐந்து ஆறாகும்போது ஒவ்வொன்றின் விலையும் அந்த அளவுக்குக் குறையும். ஒன்பது வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்) அறுபது காசில் இருந்த பங்கு மறுநாள் காலை எட்டு வெள்ளியில் திறந்தது. யாருக்கும் நட்டமில்லை. ஆனால் என் நோட்டில் அதற்கு முந்திய நாள்களின் விலை எல்லாம் பழைய கணக்கில் இருக்கும். அவற்றை ஐந்தால் பெருக்கி ஆறால் வகுத்துத் திருத்தாவிட்டால் சராசரி பொய்யாகிவிடும். அலுவலக வழக்கப்படி ஒருமுறை எழுதிய எண்ணை அடிக்கக்கூடாது. பக்கத்தில் சிவப்பு மையில் திருத்திய எண்ணை எழுதி, போனஸ் நாளில் ஒரு சிவப்புக் கோடு இழுக்க வேண்டும். ஒரு நோட்டுக்கு இருநூறு எண்.

கோல சிலாங்கூர் நோட்டை மூன்று மாலைகளில் முடித்தேன். முடித்தது புதன்கிழமை. மேலே இருக்கும் நாட்குறிப்பு வரியை அன்று எழுதினேன். மறுநாள் சுங்கை பெசாருக்குப் போனேன். அங்கேயும் இதே வேலை காத்திருந்தது. தீபாவளி வாரம். பலகாரப் பையோடு வந்தவர்களும் செலவுக்குப் பங்கு விற்க வந்தவர்களுமாக நாற்காலி காலியாகவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் நாட்குறிப்பைத் திறந்தபோது ‘போனஸ் திருத்தம் முடிந்தது’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. செய்த ஞாபகமும் இருந்தது, விரல் வலித்த ஞாபகமும் இருந்தது. கிழமையைப் பார்த்திருந்தால் போதும். புதன்கிழமைகளில் நான் சுங்கை பெசாரில் இருப்பதே இல்லை.

திருமதி யோகராணி வெள்ளிதோறும் கடைசிப் பத்துக் கூட்டல்களைச் சரிபார்த்தார். கூட்டல் எல்லாம் சரி. பச்சைக் கையெழுத்து விழுந்துகொண்டே இருந்தது.

சனவரி நடுவில் ஒரு வியாழக்கிழமை பார்வதியம்மா வந்தார். மாவட்டத்தின் உள்பகுதியில் இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். கணவர் தோட்டத்து லோரி ஓட்டுநர், இறந்து சில வருடம் ஆகியிருந்தது. அவர் சிறுகச் சிறுக வாங்கிய வங்கிப் பங்கு ஐயாயிரம், போனஸோடு ஆறாயிரமாக இருந்தது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்தை, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளை, காலி செய்ய நோட்டீஸ் வந்துவிட்டது. லயத்துக் குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே கட்டிய தரைவீடுகளைக் குறைந்த விலைக்கு ஒதுக்கியிருந்தார்கள். வயதுக்கு வங்கிக் கடன் கிடைக்காது. ஆகவே பார்வதியம்மா பங்கையும் சேமநிதியையும் வைத்து முழுப்பணமாகக் கட்ட வேண்டும். பங்கு ஒன்று ஏழு வெள்ளிக்கு விற்றாலே வீட்டுக்குப் போதும் என்று மகள் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தாள். அன்றைய விலை ஏழு தொண்ணூறு.

“வித்துக் குடுத்துருங்கண்ணே. சாவி வாங்குனா நிம்மதி” என்றார்.

நான் நோட்டைத் திறந்தேன். கோடு கிட்டத்தட்ட ஒன்பது வெள்ளியில் இருந்தது.

“எப்ப கட்டணும்மா?”

“இந்த மாசக் கடைசின்னாங்க. மொகம் பாத்துக் கேட்டா மார்ச் வரைக்கும் வுடுவாங்க.”

“பாருங்க, இது இருநூறு நாள் சராசரி. விலை இதுக்கு ஒரு வெள்ளி கீழ கெடக்கு. இவ்ளோ கீழ வந்தா சாதாரணமா திரும்பும்.”

அவர் கோட்டை விரலால் தொடாமல் கொஞ்சம் உயரத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஒம்பது வந்தா, சன்னலுக்குக் கம்பி போட்டுக்கலாம். சமையக்கட்டக் கொஞ்சம் பின்னால இழுத்துக் கட்டிக்கலாம். இல்லண்ணே?”

“கட்டிக்கலாம்” என்றேன்.

விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாட்குறிப்பில்கூட ‘கோடு காட்டினேன்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். அவர் விற்காமல் போனார்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அன்றைக்குப் பக்கத்திலேயே கணினித் திரை இருந்தது. அது போனஸைத் தானே திருத்திக்கொள்ளும். அதன் கோடு ஏழு வெள்ளி எண்பத்தெட்டுக் காசில் இருந்தது, அதாவது விலைக்கு இரண்டே காசு கீழே. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதை அன்றே பார்த்தேன். இயந்திரம் பொது விடுமுறைகளை வேறு மாதிரி எண்ணுகிறது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடுமுறையால் ஒரு வெள்ளி வித்தியாசம் வராது. அது எனக்குத் தெரியும்.

பிப்ரவரி கடைசி வாரம் சுங்கை பெசார் நோட்டு பக்கம் தீர்ந்தது. புது நோட்டுக்குப் பழைய இருநூறு விலைகளை எடுத்து எழுதத் தொடங்கினேன். நாற்பதாவது எண்ணில் கை நின்றது. எல்லாம் ஒன்பது வெள்ளிச் சொச்சம். பக்கத்தில் சிவப்பு இல்லை. பக்கங்களைப் புரட்டினேன். போனஸ் நாளில் கோடும் இல்லை. மேல்மாடியில் பறவைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் பார்வதியம்மா நினைவுக்கு வரவில்லை. பச்சைக் கையெழுத்துதான் நினைவுக்கு வந்தது. மனிதன் தன்னைத்தான் முதலில் நினைக்கிறான்.

அன்று மாலையே கோல சிலாங்கூருக்குப் போய் நோட்டை நிர்வாகியின் மேசையில் விரித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மடக்கினார், வைத்தார்.

“என்ன தேதியில இருந்து?”

சொன்னேன்.

“ஆருக்குக் காட்டினனீர்?”

“பலருக்குக் காட்டினேன் மேடம். இத நம்பி விக்காமப் போனது ஒருத்தர்தான்.” வீட்டு விவரத்தைச் சொன்னேன்.

அவர் நோட்டை வாரம் வாரமாகப் பின்னோக்கிப் புரட்டித் தன் கையெழுத்துகளை எண்ணினார். பதினேழு.

“கூட்டலை மட்டும் பாத்திருக்கிறன்” என்றார். “நீர் ஃபோன்ல சொல்ல வேண்டாம். நேரில போம். இண்டைக்கு விலை என்ன?”

“ஏழு அறுபது.”

“இன்னும் ஏழுக்கு மேலதானே? நாளைக்கே போம்.”

வெள்ளிக்கிழமை மதியம் தோட்டத்துக்குப் போனேன். பாதி லயம் ஏற்கெனவே காலி. கதவுகளைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். பார்வதியம்மா குழாயடியில் ரப்பர் காலணியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வாங்கண்ணே! ஒம்பது வந்துருச்சா?”

அந்த முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருந்தது.

“இல்லம்மா. என் நோட்டு தப்பு. அஞ்சு பொட்டலமா இருந்த சோத்த ஆறு பொட்டலமா கட்டுனா ஒவ்வொண்ணும் சின்னதாத்தான் இருக்கும். நான் பழைய பொட்டலத்து எடய வச்சிக்கிட்டு, புதுசுல கொறையுது, ஏறிடும்னு சொல்லிட்டேன்.”

“அப்ப ஒம்பது?”

“ஒம்பது பழைய பொட்டலம். சரியான கோடு எட்டுக்கிட்டத்தான் இருக்கு. இப்ப வெல ஏழு அறுபது.”

காலணியைத் தலைகீழாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“அப்ப விக்கவா, வேணாவா?”

நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் ஒன்றே ஒன்று. வீட்டுக்கு ஏழு போதும், விலை ஏழு அறுபது, சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் ஒருமுறை பேசித் தவறியவன் பயந்துபோயிருந்தேன். நாளை பத்து வெள்ளிக்குப் போனால் அதற்கும் நான்தானே பொறுப்பு என்று தோன்றியது. அந்த நேரத்தில், வாயால் சொல்லக்கூடாது என்ற அலுவலக விதி வசதியாக இருந்தது.

“அத நான் சொல்லக் கூடாதும்மா. நீங்கதான் முடிவு பண்ணணும்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

“அன்னிக்கி நோட்டக் காட்டிச் சொன்னீங்க. இன்னிக்கி நோட்டே தப்புங்கறீங்க. இப்பக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க. நான் எதண்ணே புடிச்சிக்கிறது?”

பத்தாங் காலியில் தொழிற்சாலை வேலை பார்த்த மகளைத் தொலைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

“மா, அங்கிளே தப்புன்னு சொல்றாரு. அப்பறம் என்ன வெயிட் பண்ணிக்கிட்டு? செல் பண்ணிருங்கலா!”

“நீ சும்மா இருடி. படிச்ச மனுசன், அவரே சொல்லத் தயங்குறாரு. ஒங்கப்பா வேர்வ சிந்தி வாங்குனது. ரெண்டு வாரம் பாப்போம்.”

தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். கொரோனா பரவியது, நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, அலுவலகம் பூட்டப்பட்டது, சந்தை சரிந்தது. நான் வீட்டிலிருந்து தொலைபேசியில் வேலை செய்தேன். ஒருநாள் காலை அவர் அழைத்தார்.

“என்ன வெலண்ணே?”

“அஞ்சு எண்பதும்மா.”

அவர் பக்கம் ஒரு சேவல் கூவியது.

“சரிண்ணே. சாப்டீங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்தார்.

வீடு கட்டி விற்றவர்கள் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். தவணையை சூன் வரை நீட்டினார்கள். சூனிலும் ஏழு வரவில்லை. காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு வீடு போனது. இது நான் விசாரித்து உறுதி செய்தது. ஒருநாள் போய்ப் பார்த்தும் வந்தேன். அந்த வீட்டுச் சன்னலுக்குக் கம்பி போட்டிருந்தார்கள்.

திருமதி யோகராணி தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார். எழுதியவர் என்று என் பெயர், சரிபார்த்தவர் என்று தன் பெயர், இரண்டும் ஒரே அளவு எழுத்தில். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் கடிதத்தில் நோட்டுப் பிழை மட்டும் இருந்தது. லயத்துக் குழாயடியில் நான் வாய் திறக்காமல் நின்றது எந்தக் கடிதத்திலும் இல்லை. அது விதிப்படி சரியாகவே நடந்தது. நிர்வாகியிடம் மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, “நான்தான் வாய் திறவாதேயும் எண்டு சொன்னனான்” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நோட்டு எழுதுவதையும் நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஷாமினி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கோடு போடுவது சுலபம், தொலைபேசியே போட்டுவிடும். அது கடந்துபோன இருநூறு நாளைப் பற்றி மட்டும் பேசும். உன் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தத் தேதிக்குள் எவ்வளவு வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அதை நீதான் கேட்டு மனதில் வைக்க வேண்டும். கேட்ட பிறகு வாயைத் திறக்கவும் வேண்டும். நான் இரண்டிலும் தவறினேன்.

பார்வதியம்மா அந்த ஆண்டிலேயே தன் பங்குக் கணக்கை வேறு தரகரிடம் மாற்றிக்கொண்டார். மாற்றுப் படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில் ‘மகள் வீட்டுக்குப் பக்கம்’ என்று இருந்தது. பங்குகளை என்ன செய்தார் என்பது அதன் பிறகு எங்கள் பதிவேட்டில் வராது.

போன மாதம் ராமையா அண்ணனைச் சுங்கை பெசார் சந்தையில் பார்த்தேன். பார்வதியம்மா அந்தப் பங்கைக் கடைசிவரை விற்காமல் வைத்திருந்து, ஒன்பதுக்கு மேல் வந்தபோது விற்று, பத்தாங் காலியில் ஒரு வீடு வாங்கிவிட்டார் என்றார். “ஒன் கோடு கடைசில ஜெயிச்சிருச்சு போடா” என்று முதுகில் தட்டினார். அந்தப் பங்கு பிறகு ஒன்பதைத் தாண்டியது உண்மை. மற்றது அவர் தம்பி மனைவி சொன்னதாம். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அதே வாரம் வேறொருவர், அந்த அம்மா இன்னும் மகளோடு வாடகை வீட்டில்தான் இருக்கிறார் என்றார்.

மகளின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. இதை எழுதி முடிக்கும் இன்றுவரை நான் அழைக்கவில்லை. ஆகவே அவருக்கு வீடு கிடைத்தது என்பதை, சரிபார்க்கப்படாத தகவல் என்றே இங்கே குறிக்கிறேன்.